மந்திரி பேர் வைக்க ஒரு குழந்தை

சித்த அந்தப் பையை எடுத்து மடியில வெச்சுக்கறீங்களா தம்பி? ஆங், இப்பச் சரி. தாராபுரம் வரைக்கும் நின்னுட்டேதான் வரோணும்னு நெனச்சேன். கூட்டத்தைப் பாத்தீங்களா? இதுக்கு முன்னால ஒரு வண்டி போய்ட்டு இருந்துச்சு, அதை நிறுத்திட்டாங்க. சிக்கனமுங்க. கவுருமெண்டு சிக்கனம் பண்ணுது. ரெண்டு வண்டி சனம் ஒரே வண்டியில போனா ஒத்துமை வளருமல்லோ.

என்ற வேட்டிக் கரையைப் பாக்கறீங்க. பாருங்க, பாருங்க. மரபுக் கட்சிதான். ஆளுங்கட்சிதான். பேரு சென்னியப்பன், எங்கூர்ல நகரச் செயலாளர். எங்க சின்னம் சொம்பு. சிரிக்காதீங்க தம்பி, எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி இந்த எடத்துலதான் சிரிக்கறாங்க. பித்தளைச் சொம்புங்க அது. நம்ம பண்பாட்டோட அடையாளம். எலக்சனப்ப நான் ஓட்டுக் கேட்டுப் போனா, வெயிலாச்சேன்னு சொம்பு நெறையாத் தண்ணி கொடுத்தாங்க. மோரு கொடுத்தாங்க. இப்பப் போனா வாசல்ல இருக்கற சொம்பையும் உள்ள எடுத்து வெச்சுக்கறாங்க. களவு அதிகமாயிருச்சில்லீங்க, அந்தப் பயமா இருக்கும்.

செல்வாக்குக் கொறஞ்சு போச்சு, செல்வாக்குக் கொறஞ்சு போச்சுன்னு டிவியில தெனமும் நாலு பேரு உக்காந்து பேசறாங்க. நான் ஒத்துக்கவே மாட்டேன். செல்வாக்கு அப்படியேதான் இருக்குதுங்க. சனங்க மனசுக்குள்ள வெச்சிருக்கறாங்க, வெளிய காட்டறதில்ல. கூச்சம். நம்ம சனத்துக்குக் கூச்சம் சாஸ்தி.

இல்லீங்க, நீங்க ஒண்ணும் சொல்லல. உங்க மூஞ்சி சொல்லுச்சு. பேங்க்ல வேலையா? அதான பாத்தேன். படிச்சவங்களுக்கு எங்க கட்சின்னாலே ஒரு இளக்காரம். சரி, உங்ககிட்டயே ஒரு வெசயம் சொல்றேன். நீங்களே ஞாயம் சொல்லுங்க.

எங்க கட்சியில ஒரு பழக்கம். பொதுக்கூட்டம்னா குழந்தைக்குப் பேரு வெக்கோணும். எல்லாக் கட்சியிலயும் உண்டுன்னாலும் எங்களுது தனி. எங்க தலைவரு பெரியய்யா ஆட்சிக்கு வர்றதுக்கு முன்னால எங்கூருக்கு ஒருக்கா வந்தாரு பாருங்க, மேடைக்குப் பக்கத்துல தாய்மாருக நின்ன வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போச்சு. அவரு கையால பேரு வெக்கோணும்னு பொறந்த புள்ளைகளை மாசக்கணக்காப் பேரில்லாமயே வெச்சிருந்தாங்க. நடக்கற புள்ளையெல்லாம் வந்துச்சு. அதுல ஒண்ணு எம்பேரு ரமேசுன்னு சொல்லிப்போட்டு ஓடுச்சு, அவங்கம்மா தொரத்திப் புடிச்சுட்டு வந்தா. பெரியய்யாவுக்கு ரெண்டே பேருதானுங்க வரும். ஆம்பளப் புள்ளைன்னா மரபரசன். பொட்டப் புள்ளைன்னா பண்புச்செல்வி. இன்னிக்கும் எங்கூரு பால்வாடியில ஆயா பண்புச்செல்வின்னு ஒரு கொரல் விட்டா ஒரு வரிசையே எந்திரிச்சு வருதாம். இப்பக் கொஞ்சம் பேரு ஆபீசுக்கு நடையா நடந்து அந்தப் பேரை மாத்தீட்டாங்க. ராசி பாத்து மாத்தியிருப்பாங்க.

அந்தச் செல்வாக்கு, அந்த மரியாதை, எல்லாம் கண்ணால பாத்தவனுங்க நான்.

ஆட்சிக்கு வந்ததும் பெரியய்யா சும்மா இருக்கல. சாயங்காலம் விளக்கு வெச்சதுக்கப்புறம் ஆணும் பொண்ணும் டீக்கடையில ஒண்ணா நிக்கப்படாதுன்னு உத்தரவு போட்டாரு. எங்கூர்ல ஒரு புருசனும் பொண்டாட்டியும் சேந்துதான் டீக்கடை வெச்சிருக்காங்க. அவ உள்ள நின்னு டீ ஆத்துனா இவன் வெளிய போய் நிக்கறான், இவன் உள்ள வந்தா அவ வெளிய. கண்ணாலத்துல சாப்பாடு சிக்கனமாப் போடோணும்னு சொன்னாரு. நல்லதுதான? அதுக்கடுத்த மாசம் ஒரு மந்திரி ஊட்டுக் கண்ணாலத்துல எலையில எடமில்லாம ரெண்டாவது எலை போட்டாங்கன்னு போன்ல படம் வந்துச்சு. அது எதிர்க்கட்சி பண்ணுன வேலைங்க. எலைய மட்டும் ஒட்ட வெச்சிருப்பாங்க. நானும் அந்தக் கண்ணாலத்துக்குப் போயிருந்தேன், ரெண்டு எலைதான், ஆனாலும் படம் பொய்யி.

அப்புறம் எங்கூரு பிரசவ ஆசுபத்திரி. ஆசுபத்திரின்னா பெருசா ஒண்ணுமில்லீங்க. ஒரு ஹாலு, நாலு கட்டிலு, ஒரு நர்சம்மா. ஸ்டெல்லாம்மான்னு பேரு. தெக்க இருந்து வந்தவங்க, வந்து எங்கூர்லயே தங்கீட்டாங்க. ஊர்ல பாதிப் பேரு அந்தம்மா கையில பொறந்ததுதான். சிக்கனத்துல அதை மூடோணும்னு உத்தரவு. மூடிட்டுச் சும்மா போடலீங்க, அந்தக் கட்டடத்தையே பண்பாட்டு மையம் ஆக்கறோம்னாங்க. கோலப் போட்டி, பல்லாங்குழிப் போட்டி எல்லாம் வெப்பாங்களாம். பிரசவத்துக்கு என்னங்கன்னு சனங்க கேட்டதுக்கு மந்திரி சொன்னாரு, நம்ம முன்னோருக ஊட்டுலதான் பெத்தாங்கன்னு. எப்பேர்ப்பட்ட பதிலு! நானே பஸ் ஸ்டாண்டுல முட்டாய் கொடுத்தேன். வாங்கிக்கத்தான் ஆளில்ல. எல்லாருக்கும் சக்கரை வியாதி போல.

ஸ்டெல்லாம்மாவ வேற எங்கயோ மாத்திப்போட்டாங்க. போறப்ப எங்கூட்டு வழியாத்தான் போனாங்க. என்ற ஊட்டுக்காரி சம்பூர்ணம் வாசல்ல நின்னு அழுதா. அரசியல் தெரியாதவ.

என்ற மவ கலாமணிக்கு அப்ப வயித்துல ஆறு மாசம். அவளைத் தாராபுரத்துலதான் கட்டிக் கொடுத்திருக்கேன். மாப்ள தாமோதரன் அங்க நூல் மில்லுல இருக்கறாரு. அவங்க ஊட்டு முக்குல திரும்புனா ஆசுபத்திரிங்க. அங்கயே இருந்துக்கறேன்னு அவ சொன்னா. நான் உடலாமா? மொதப் பிரசவம் பொறந்த ஊட்டுல பாக்கறதுதான மரபு? அதுலயும் நகரச் செயலாளர் மவ. நான் போய்க் கூட்டீட்டு வந்துட்டேன்.

புள்ளை பொறந்த அன்னிக்கு நான் ஊர்ல இல்லீங்க. மாநாடு. முன்வரிசையில நின்னு வாழ்க வாழ்கன்னு கத்தீட்டு இருக்கறேன், போன் அடிக்குது, காதுல உழுகல. எப்படி உழுகும்? அவ்வளவு சத்தம். ஊட்டுல அவளுக்கு வலி வந்து, வேன் புடிச்சு, தாராபுரத்துக்குக் கெளம்பீருக்காங்க. வழியில ரயில்வே கேட்டு மூடிக் கெடந்திருக்குது. கூட்ஸ் வண்டி. அங்கயே ஆகிப்போச்சு. சம்பூர்ணத்துக்கு என்ன தெரியும்? ஸ்டெல்லாம்மாவுக்குப் போனைப் போட்டிருக்கறா. அந்தம்மா எங்கயோ இருந்துட்டு ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல, இவ வேனுக்குள்ளயே புள்ளைய வாங்கியிருக்கறா. பொட்டப் புள்ளைங்க. தாயும் புள்ளையும் சொகம். நான் மாநாடு முடிஞ்சு மக்யா நாள் மால போட்ட கழுத்தோட போய்ப் பாத்தேன். கலாமணி என்கூட மொகங்கொடுத்துப் பேசல. களைப்பு. ஏழு மாசமா அந்தக் களைப்பு போகலீங்க அவளுக்கு.

பேரு? அங்கதான் வர்றேன். பேத்திக்குப் பெரியய்யா கையாலதான் பேரு வெக்கோணும்னு நான் சொல்லிப்போட்டேன். மாப்ள மறுத்துப் பேச மாட்டாரு, நல்ல மனுசன். அதனால புள்ளை பேரில்லாமயே இருந்துச்சு. பாப்பா, பாப்பான்னே கூப்பிட்டோம். பெரியய்யா இப்ப வெளியூரு கெளம்பறதில்ல. போன எடத்துல எல்லாம் சனங்க காலிக் கொடத்தோட வந்து நிக்கறாங்களாம். வரவேற்பைப் பாத்தே மனுசன் அசந்துட்டாரு. அப்பத்தான் பண்பாட்டு மையத்தைத் தொறந்து வெக்க மந்திரி வர்றாருன்னு மாவட்டத்துல இருந்து போன் வந்துச்சு.

மாவட்டச் செயலாளர் வெடுக்குனு பேசறவரு. "சென்னியப்பா, மேடையில புள்ளைக வரிசையா இருக்கோணும். டிவி வருது. செல்வாக்கு இருக்குதுன்னு காட்டோணும். புள்ளை வரலீன்னா லோகநாதனைச் செயலாளராப் போட்டர்றேன்"னாரு. லோகநாதன்னு ஒருத்தன், என்ற பதவி மேல எப்பவும் ஒரு கண்ணு. எனக்கு அந்தப் பதவியத் தவுத்தா என்னங்க இருக்குது? தறி இருந்துச்சு, வித்துட்டேன். ஊர்ல நாலு பேரு செயலாளரேன்னு கூப்பிடறதுதான் சொத்து.

சரி, புள்ளைகளுக்கா பஞ்சம்னு கெளம்புனேன். தம்பி, நம்ப மாட்டீங்க. ஒரு புள்ளை கெடைக்கலீங்க! மொத ஊட்டுல, "எங்கண்ணா, இந்த ஊர்ல எங்க புள்ளை பொறக்குது? எல்லாம் தாராபுரத்துல பொறக்குது, அங்க போய்க் கேளுங்க"ன்னுட்டா. அடுத்த ஊட்டுல தொட்டலு ஆடுது, உள்ள புள்ளை அழுகற சத்தம் கேக்குது. "புள்ளையே இல்லீங்க, அது டிவி"ங்கறான். ஆடு மேய்க்கற அக்கா ஒருத்தி நல்லவ, வாங்க தம்பின்னு கூப்பிட்டு உக்கார வெச்சா. வெச்சுட்டு, "எங்க வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்குது, மந்திரிக்கு ஆசையா இருந்தா வந்து பேரு வெச்சுட்டுப் போகட்டும்"னா. பெருமாக் கோயில்கிட்ட ஒரு பெரியவரு, "எனக்கு வெக்கச் சொல்லு சென்னியப்பா, எம்பேரைத்தான் பென்சன்ல இருந்து எடுத்துப்போட்டாங்க, புதுசா ஒண்ணு வெச்சுட்டாவது பணம் வருதான்னு பாக்கறேன்"னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கட்சிக்காரன் சிரிக்கப்படாதுன்னு அடக்கீட்டு வந்துட்டேன். என்ன காரணம்னே எனக்குப் புரியலீங்க. அது ஆடி மாசம் வேற, ஆடியில நல்ல காரியத்துக்கு யாரும் முன்னால வர மாட்டாங்க. அதா இருக்கும்.

பொறத்தால யாரோ சிரிக்கறாங்க பாருங்க. சிரிக்கட்டும்.

கடைசியில கலாமணிகிட்டப் போய் நின்னேன். "அம்மிணி, அப்பன் மானம் உன்ற கையிலதான் இருக்குது. பாப்பாவ மேடைக்குக் கொண்டாந்துரு"ன்னேன். அவ புள்ளைக்குத் தண்ணி வாத்துட்டு இருந்தா. துண்டுல தொடச்சு, சாம்பிராணி காட்டி, சட்டை போட்டு உட்டுட்டு, அப்புறமா நிமுந்து பாத்தா. "சரிங்ப்பா, கொண்டாறேன்"னா. அவ்வளவுதான். எனக்கு உசுரு வந்துச்சு. வந்து சம்பூர்ணத்துகிட்டச் சொன்னேன், அவ அரிசி பொடைச்சுட்டே, "அவ இத்தனை சுளுவாச் சரின்னு சொல்ற ஆளா?"ன்னா. பொம்பளைகளுக்கு எதுலயும் சந்தேகம்.

கூட்டம் அன்னிக்கு அந்தக் கட்டடத்து வாசல்லயே பந்தலு, சேரு, மாலை, ஒண்ணும் கொறையில்ல. சனங்கதான் பந்தலுக்குள்ள வரல. எதுத்தாப்புல கடை நெழல்ல, மர நெழல்ல நின்னுட்டாங்க. பந்தலுக்குள்ள புழுக்கமுங்க. மந்திரி சேரைப் பாத்துத்தான் பேசுனாரு. நம்ம குடும்பம், நம்ம பண்பாடு, தாய்மை தெய்வீகம்னு அருமையாப் பேசுனாரு. கைதட்டோணும்னு நான் எந்திரிச்சுத் தட்டுனேன். என்கூட மைக் செட்டுக்காரன் தட்டுனான்.

அப்புறம் பேரு வெக்கற நேரம். கலாமணி புள்ளையத் தூக்கீட்டு மேடையேறுனா. பட்டுச் சீலை கட்டியிருந்தா. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு தம்பி. மந்திரி புள்ளைய வாங்குனாரு. அது அவரு மூக்குக் கண்ணாடியப் புடிச்சு இழுத்துச்சு. டிவிக்காரங்க படம் புடிச்சாங்க. "இக்குழந்தைக்குப் பண்..."ணுங்கறாரு, இவ கைய நீட்டி மைக்கை வாங்கிக்கிட்டா. மரியாதையாத்தான் வாங்குனா.

"ஐயா, ஒரு நிமிசமுங்க. உங்க பொறத்தால இருக்கற கட்டடத்துலதான் நான் பொறந்தேன். இது பிரசவ வார்டு. இங்க கட்டிலு இருந்துச்சு. அதை எடுத்துப்போட்டீங்க. எம்புள்ளை ரயில்வே கேட்டுல, வேனுக்குள்ள பொறந்துச்சு. பொறக்க எடம் கொடுக்காத நீங்க பேரு மட்டும் எதுக்குங்க கொடுக்கறீங்க? பேரு நாங்களே வெச்சுட்டோம். என்னையக் கையில வாங்குனவங்க பேரு. இவளை வாங்கச் சொல்லிக் கொடுத்தவங்க பேரு. ஸ்டெல்லா."

அவ்வளவுதான் சொன்னா. கத்தல, அழுகல.

அப்புறம் கைதட்டுனாங்க பாருங்க! கடையில நின்னவங்க, மரத்தடியில நின்னவங்க, அந்த வெள்ளாட்டு அக்கா, டீக்கடைப் புருசன் பொண்டாட்டி, எல்லாரும் ஓடியாந்து பந்தலுக்குள்ள நிக்கறாங்க. சேரு பத்தல. ஸ்டெல்லா, ஸ்டெல்லான்னு ஒரே சத்தம். மந்திரிக்கு என்ன பண்றதுன்னு தெரியல, சனங்களைப் பாத்துக் கும்புடு போட்டுட்டே இருந்தாரு. டிவியில அன்னிக்கு, மந்திரிக்கு உற்சாக வரவேற்புன்னுதான் போட்டாங்க. நானும் அதைத்தான் சொல்றேன். மூணு வருசத்துல எங்க கட்சி மேடைக்கு அப்படி ஒரு கைதட்டு வந்ததில்லீங்க. செல்வாக்கு இல்லாமயா வந்துச்சு?

நானா? நான் அவ கையில இருந்து மைக்கைப் புடுங்கப் போனேன். அவ என்னைய ஒரு பார்வ பாத்தா. கையி அப்படியே நின்னு போச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. கோவத்துலதான். கோவம் வந்தா எனக்கு அழுகை வரும்.

மாவட்டம் சொன்ன மாதிரியே லோகநாதனைச் செயலாளராப் போட்டுச்சு. அவன் மால காயறதுக்குள்ள எதிர்க்கட்சியில போய்ச் சேந்துட்டான். வேற யாரையோ கேட்டிருக்காங்க, எல்லாருக்கும் ஊட்டுல வேலை, உடம்புக்குச் சொகமில்ல. கடைசியில என்னையே கூப்பிட்டு, "நீயே இருந்துக்கப்பா"ன்னுட்டாங்க. கட்சி என்னைய உடாதுங்க. அத்தனை நம்பிக்கை.

ஆனா ஊட்டுலதான் ஒரு கொறை. கலாமணி தாராபுரம் போய்ட்டா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போறேன். அவ மரியாதையெல்லாம் கொறைக்கறதில்ல, காப்பித் தண்ணி தர்றா, சோறு போடறா. புள்ளைய மட்டும் கையில தர மாட்டேங்கறா. "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்ப்பா, தர்றேன்"ங்கறா. பாப்பாங்கறேன், தங்கங்கறேன், அப்பிச்சிகிட்ட வா சாமிங்கறேன். புள்ளை என்ற பக்கம் தாவுது தம்பி, ரெண்டு கையையும் நீட்டித் தாவுது. இவ அப்படியே திருப்பி உள்ள தூக்கீட்டுப் போயிர்றா.

சொல்லீட்டுப் போறதுக்கு எத்தனை நேரம்னு கேப்பீங்க. சுளுவா? தாய்மொழிப் பேருதான் வெக்கோணும்னு ஊரு ஊராத் தீர்மானம் படிச்சவன் நான். அடுத்தவங்க சொன்னதைச் சொல்றது வேற, நகரச் செயலாளர் சொந்தப் பேத்திய அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா? கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குதல்லோ. ஆனா பாருங்க, கலாமணி பொறந்த அன்னிக்கு ஒரு பழைய துண்டுல சுத்திக் கொண்டாந்து, இந்தாங்க உங்க மவ, பயப்படாமத் தூக்குங்கன்னு என்ற கையில கொடுத்ததே அந்தம்மாதான். எனக்கு எப்படித் தூக்கறதுன்னு தெரியல. கழுத்துக்குக் கீழ கைய வெக்கோணும்னு சொல்லிக் கொடுத்தாங்க.

நேத்து சம்பூர்ணம் போன்ல பாத்துட்டு வந்து சொல்றா, புள்ளை தவுந்து வருதாம். இன்னம் நாலு மாசம் போனா நடந்துரும். அப்புறம் தூக்குன்னா வருமா அது?

அந்தா, ஆத்துப் பாலம் வந்துருச்சு. எறங்கோணும். இருங்க தம்பி, எறங்கறதுக்கு முன்னால ஒண்ணு பாத்துக்கறேன். ஏனுங் கண்டக்டரே, உங்களுக்கு எல்லார்த்தையும் மொகந்தெரியுமே, வண்டியில எங்க கட்சிக்காரங்க யாராச்சும் ஏறியிருக்காங்களா? இல்லீங்களா? முன்னால லேடீஸ் பக்கம்? அங்கயும் இல்லியா? அந்தச் சிவப்புத் துண்டுக்காரரு, எலக்சனப்ப எங்கூடச் சொம்பு தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்தவராட்டத் தெரியுதே. ஏனுங், நீங்க...? ஓ. இல்லீங்களா. இப்ப இல்லீங்களா. சரிங்க, சரிங்க, கோவிச்சுக்காதீங்க.

கால் வெக்க எடமில்லாத வண்டி. ஒருத்தர்கூடவா இல்ல?

சரி. அப்பச் சத்தமாவே கூப்பிட்டுப் பாத்துக்கறேன். தப்பா வந்தாச் சொல்லிக் கொடுங்க தம்பி.

ஸ்டெல்லா.

ஸ்டெல்லா, அப்பிச்சி வந்திருக்கறன் சாமி. வா.